பூனைக் கண்ணுக்கு மனிதர் சொட்டு மருந்து விடலாமா?

கேள்வி: எங்கள் இரண்டு வயதுப் பூனையின் இடது கண்ணில் சில நாள்களாக நீர் வடிகிறது. கண்ணைப் பாதி மூடியபடியே இருக்கிறது. கருவிழியின் மேல் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. கண்புரை அறுவைக்குப் பின் என் மாமியாருக்குக் கொடுத்த சொட்டு மருந்து மீதமிருக்கிறது. அதை விடலாமா? கைக்குழந்தைக்குத் தொற்றுமோ என்றும் அச்சமாக உள்ளது.
– வாசகி, திருமங்கலம்

பதில்: விட வேண்டாம். கண்புரை அறுவைக்குப் பின் தரப்படும் சொட்டு மருந்துகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். கருவிழியில் புண் இருக்குமானால், அது ஆறுவதை ஸ்டீராய்டு தடுப்பதோடு, புண் ஆழமாகிக் கருவிழியே துளைபடவும் இடமளித்துவிடும். கண் மருத்துவத்துக்குப் பெயர்பெற்ற நம் மதுரைப் பக்கத்தில் இப்படி மிஞ்சிய புட்டிகள் பல வீடுகளில் கிடப்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகள் கருவிழிப் புண்ணையே ஐயுற வைக்கின்றன. சண்டையில் பட்ட நகக்கீறலும் காரணமாகலாம் என்றாலும், இளம் பூனைகளில் அடிக்கடி காண்பது பூனை ஹெர்பிஸ் வைரஸின் வேலையே. ஒருமுறை தொற்றிய இந்த வைரஸ் நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடந்து, வீடு மாறுவது, புதுப் பூனை வருவது போன்ற அலைக்கழிப்புகளின்போது மீண்டும் தலைதூக்கும். கால்நடை மருத்துவர் ஃப்ளோரெசின் என்னும் சாயத்தைக் கண்ணில் இட்டு நீல ஒளியில் பார்ப்பார். புண்ணுள்ள இடம் பச்சையாக ஒளிரும். எந்தச் சொட்டு மருந்து என்பது அதற்குப் பிறகுதான் முடிவாகும். ஆகவே இன்றே அழைத்துச் செல்லுங்கள். வலியால் கத்துகிறதே என்று பாராசிட்டமாலில் ஒரு துண்டைக்கூடக் கொடுத்துவிடாதீர்கள். அது பூனையின் உயிரையே போக்கும். பூனை ஹெர்பிஸ் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் கண் அழற்சிக்கு வேறு கிருமிகளும் காரணமாகலாம் என்பதால், பூனையைத் தொட்ட பின் சோப்பிட்டுக் கை கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள்.

கேள்வி: பன்னிரண்டு வயதுப் பூனை நேற்று முதல் சுவரில் முட்டிக்கொள்கிறது. நல்ல வெயிலிலும் கண்மணி விரிந்தே இருக்கிறது. முதுமைதானே?
– வாசகர், மேலூர்

பதில்: முதுமை ஒரே நாளில் பார்வையைப் பறிப்பதில்லை. உயர் இரத்த அழுத்தத்தால் விழித்திரை பெயர்ந்திருக்கக்கூடும்; அதற்கு அடியில் சிறுநீரக நோயோ தைராய்டு மிகைச் சுரப்போ இருப்பது வழக்கம். மேல் அழுத்தம் 160ஐத் தாண்டி நிலைத்தால் சிகிச்சை தேவை. பூனைக்கு இரத்த அழுத்தம் பார்க்கும் வசதி எல்லாக் கிளினிக்குகளிலும் இராது. தொலைபேசியில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். பெரும்பாலும் அம்லோடிபின் மாத்திரை தருவார்கள். அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். விரைந்து அழுத்தம் குறைந்தால் பார்வை ஓரளவு திரும்ப வாய்ப்புண்டு. அதுவரை உணவுக் கிண்ணத்தையும் மணல் தட்டையும் இடம் மாற்றாதீர்கள். மொட்டைமாடிக் கதவைச் சாத்தியே வையுங்கள்.