சகுந்தலை கையில் கைப்பேசி

கேள்வி: படிவம் நான்கு படிக்கும் என் மகள், ரவி வர்மாவின் 'முள் எடுக்கும் சகுந்தலை'யைப் பார்த்து வரைந்து, கையில் கைப்பேசியைக் கொடுத்திருக்கிறாள். சுற்றிலும் லைக், இதயச் சின்னங்கள். குடும்பப் புலனத்தில் (வாட்ஸ்அப் குழுவில்) போட்டேன். "நம்ம பழைய படத்தை இப்படிக் கெடுக்கலாமா?" என்று என் அண்ணன் கோபப்படுகிறார். ஓவியப் போட்டிக்கு அனுப்பலாமா? படத்தை இணைத்துள்ளேன்.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தாராளமாக அனுப்புங்கள் அம்மா.

அண்ணனின் கோபம் எனக்குப் புரிகிறது. நானும் தோட்டத்துப் பிள்ளைதான். எங்கள் லயத்து வீட்டுச் சாமி மேடைக்கு மேலே தொங்கிய காலண்டர் லட்சுமியும் ரவி வர்மா வரைந்த சாயல்தான். 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, அரண்மனையில் இருந்த ஓவியத்தை ஏழை வீட்டுச் சுவருக்கும் கொண்டுவந்தவர் அவர். நம் வீட்டுப் பொருளைத் தொட்டால் வலிக்கத்தான் செய்யும்.

ஆனால் 1898-இல் வரைந்த அந்தப் படத்தையே உற்றுப் பாருங்கள். ஒரு கை தோழியின் தோளில், மறு கை பாதத்தில். முள் குத்தவே இல்லை. துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்க அது ஒரு சாக்கு. பாப்பா முள்ளை எடுத்துவிட்டுக் கைப்பேசியை வைத்ததும் என்ன ஆகிறது? ஏதோ வேலையாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டு, யாராவது நம்மைப் பார்க்கிறார்களா என்று தவிக்கிற நம் காலத்துப் பழக்கம் வந்து நிற்கிறது. கேலி சகுந்தலை மீதல்ல, நம் மீது. பதினாறு வயதில் இது தோன்றியிருக்கிறதே, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரே ஒரு இடத்தில் படம் தடுமாறுகிறது. கண்ணையும் கைப்பேசிப் பக்கம் திருப்பிவிட்டாள். அதனால் அந்தச் சாக்கு காணாமல் போய், வெறும் போன் பார்க்கும் பெண் ஆகிவிட்டாள். பார்வை பழையபடி பின்னால் போகட்டும். திரை வெளிச்சம் மட்டும் கன்னத்தின் கீழ்ப்பக்கம் லேசாக விழட்டும். பறக்கும் இதயங்களை அழித்துவிடச் சொல்லுங்கள். படமே சொல்வதை அவை மறுபடி கத்துகின்றன. 1919-இல் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டுஷாம் மோனலிசா அஞ்சலட்டையில் மீசையும் குறுந்தாடியும்தான் வரைந்தார். கீழே சில எழுத்துகளைச் சேர்த்ததோடு சரி, படத்தில் வேறெதையும் அவர் மாற்றவில்லை, அது போதுமானதாக இருந்தது.

காப்புரிமைப் பயம் வேண்டாம். ரவி வர்மா 1906-இல் காலமானார். நம் மலேசியச் சட்டப்படி ஓவியர் மறைந்து 50 ஆண்டு கடந்தால் தடையில்லை. இருந்தாலும் படத்தின் கீழே 'மூலம்: ரவி வர்மா, 1898' என்று பாப்பா தன் கையால் எழுதட்டும். அனுப்பும் முன் மூலப் படத்தையும் பக்கத்தில் வைத்து அண்ணனிடம் காட்டுங்கள்.