தாய்லாந்தின் கிராமப்புறத்தைப் பார்க்க எந்த ரயிலில் ஏறலாம்?

பாங்காக்கில் தங்கியிருக்கும்போது, சுற்றுலாப் பேருந்தில் ஏறாமல், சாதாரண ரயிலிலேயே கிராமப்புறத்தைப் பார்த்துவர முடியுமா, எந்தப் பாதையில் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தொன்புரியிலிருந்து காஞ்சனபுரி வழியாக ‘நாம் தோக்’ என்ற நிலையம் வரை செல்லும் பயணிகள் வண்டியையே நான் பரிந்துரைப்பேன்.

தொன்புரி என்பது நகரின் பெரிய ரயில் நிலையம் அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாவ் பிரயா ஆற்றின் மேற்குக் கரையில், சிரிராஜ் மருத்துவமனைக்கு அருகே உள்ள சிறிய நிலையம் அது. காலை எட்டு மணிக்குச் சற்று முன்பாக வண்டி புறப்படும். முன்பதிவு கிடையாது, குளிர்சாதனம் கிடையாது, மூன்றாம் வகுப்பு மட்டுமே. வெளிநாட்டினருக்கு நான் சென்றபோது 100 பாட் கட்டணம் வாங்கினார்கள். ஏறத்தாழ 200 கிலோமீட்டரைக் கடக்க ஐந்து மணி நேரம் பிடிக்கிறது. அங்கே இன்றும் மீட்டர் கேஜ் பாதைதான் என்பதால், எழும்பூரிலிருந்து தெற்கே அந்தப் பழைய வண்டிகளில் போனவர்களுக்கு அதன் ஆட்டம் பழக்கப்பட்டதாகவே இருக்கும்.

நக்கோன் பதோமில் ஆரஞ்சு நிறப் பெரிய தூபி கண்ணில் பட்டு மறைந்த பிறகு வயல்கள் தொடங்கும். நெல், கரும்பு, மரவள்ளி என்று மாறிமாறி வரும் பச்சைக்கு நடுவே, பூந்தொட்டிகள் வரிசையாக வைத்த குட்டி நிலையங்களில் கொடியுடன் ஒருவர் நின்று வண்டியை அனுப்பிவைப்பார். ஒரு நிலையத்தில் ஏறிய மூதாட்டி, கையில் பிளாஸ்டிக் கூடையும் தோளில் துணியுமாகப் பெட்டி முழுவதும் நடந்து, குச்சியில் செருகிச் சுட்ட கோழியும் ஒட்டரிசிச் சோறும் விற்றார். நான் விலை கேட்டது அவருக்குப் புரியவில்லை. என் உள்ளங்கையிலிருந்த சில்லறையிலிருந்து தமக்கு வேண்டிய நாணயங்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு, மீதியை என் விரல்களை மடக்கி மூடிவிட்டுப் போனார்.

காஞ்சனபுரியை அடுத்துக் குவாய் ஆற்றுப் பாலத்தில் பலரும் எழுந்து நின்று படம் எடுப்பார்கள். என்னைக் கேட்டால், அதைவிட, அடுத்து வரும் ‘தாம் கிராசே’ என்பதுதான் பார்க்க வேண்டிய இடம். ஒருபுறம் செங்குத்துப் பாறை, மறுபுறம் கீழே ஆறு, இடையில் மரத்தூண்கள் தாங்கும் பாதை. வண்டி நடக்கும் வேகத்துக்குக் குறைந்துவிட, சக்கரங்களுக்குக் கீழே மரம் நெறிபடும் ஓசை தெளிவாகக் கேட்கும். பாறை கைக்கெட்டும் தூரத்தில் வருவதால் தலையை வெளியே நீட்டக் கூடாது. ஆறு தெரிய வேண்டுமென்றால், போகும் திசையில் இடப்பக்கம் உட்காருங்கள்.

இந்தப் பாதையை அழகுக்காக மட்டும் நான் தேர்ந்தெடுக்கவில்லை. இதன் பிற்பகுதி, ஜப்பானியர் 1942-43இல் பர்மாவுக்கு அமைத்த 415 கிலோமீட்டர்ப் பாதையில் எஞ்சியிருக்கும் பகுதி. மலாயாத் தமிழர் 'சயாம் மரண ரயில்' என்று சொல்வது இதைத்தான். நேச நாட்டுப் போர்க் கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களின் சாவு அதைப் போலப் பல மடங்கு, அவர்களில் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள் ஏராளம். காஞ்சனபுரி நிலையத்துக்கு அருகிலுள்ள போர்க் கல்லறையில் கைதிகளின் பெயர்கள் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன; அங்கு நம்மவர் பெயரைத் தேடிப் பயனில்லை, தோட்டத் தொழிலாளர்கள் பெரும்பாலும் விழுந்த இடத்திலேயே பெயரின்றிப் புதைக்கப்பட்டவர்கள்.

நாம் தோக் என்றால் நீர்வீழ்ச்சி. பாதை அத்துடன் முடிகிறது. வண்டி தாமதமாகச் சேர்வதும் உண்டு என்பதால், அன்றே பாங்காக் திரும்புவதாகத் திட்டமிடாமல், காஞ்சனபுரியில் ஓர் இரவு தங்கிக்கொள்ளுங்கள்.