ஓணம் பம்பர்: 25 கோடியில் கைக்கு வருவது எவ்வளவு?

கேள்வி (வாசகர், பொள்ளாச்சி): ஆண்டுதோறும் பாலக்காட்டுக்குப் போய் 500 ரூபாய் கொடுத்து, கேரள அரசு லாட்டரியான ஓணம் பம்பர் சீட்டு வாங்குகிறேன். முதல் பரிசு விழுந்தால் 25 கோடி ரூபாயும் அப்படியே கிடைக்குமா? நெடுநாளாக விழாத எண்களைக் குறித்து வைத்து வாங்குவதால் பலன் உண்டா?

பதில்: அப்படியே கிடைக்காது. சீட்டை விற்ற ஏஜென்ட்டுக்குப் பரிசுத் தொகையில் 10 சதவீதம், அதாவது இரண்டரைக் கோடி, கமிஷனாகப் போய்விடும், மீதமுள்ள 22.5 கோடியில் 30 சதவீத வருமான வரியாக 6.75 கோடி பிடிக்கப்பட்ட பிறகு, கணக்கில் வந்து சேருவது 15.75 கோடி. அதையும் முழுவதுமாகச் செலவழித்துவிடக் கூடாது. கூடுதல் வரியும் (சர்சார்ஜ்) செஸ் எனப்படும் துணை வரியும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது வெற்றியாளர் தாமே கட்ட வேண்டியவை. இத்தனை ஆண்டுகளாகச் சீட்டு வாங்கிய செலவை இதில் கழித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருவதில்லை.

எண்களைப் பொறுத்தவரை, உங்கள் பொறுமையை மெச்சுகிறேன், ஆனால் அந்த நோட்டுப் புத்தகத்தால் பயனில்லை. சிறு பரிசுகளுக்குரிய கடைசி நான்கு இலக்கங்களாக 4471 சென்ற வாரம் விழுந்திருந்தாலும், பத்து ஆண்டுகளாகத் தலைகாட்டாமலே இருந்தாலும், அடுத்து எடுக்கப்படும் எண்ணாக அது வருவதற்கான வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுதான். முதல் பரிசுக்கோ ஆறு இலக்கங்களோடு, எண்ணுக்கு முன்னால் அச்சிட்டிருக்கும் வரிசை எழுத்துகளும் பொருந்த வேண்டும்: 100000 முதல் 999999 வரை 9 லட்சம் எண்கள், பத்து வரிசைகள் என்றால் 90 லட்சம் சீட்டுகள், அவற்றில் ஒன்று உங்களுடையது.

கேள்வி (வாசகி, செங்கோட்டை): தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை இருக்கும்போது, கேரளத்தில் வாங்கிய சீட்டுக்கு நாம் பரிசு பெற முடியுமா?

பதில்: முடியும். 2003 முதல் இங்கே தடை உள்ளது என்றாலும், கேரளத்துக்குள் முறையாக வாங்கிய சீட்டுக்குப் பரிசு பெற வெளிமாநிலத்தவர் என்பது தடையல்ல. 2023 ஓணம் பம்பரின் முதல் பரிசு, வாளையாறில் வாங்கிய சீட்டுக்காகத் தமிழ்நாட்டைச் சேர்ந்த நால்வருக்குத்தான் கிடைத்தது. சீட்டின் பின்புறத்தில் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்திட்டு, கிழியாமல் நனையாமல் பாதுகாத்து, குலுக்கல் நாளிலிருந்து 30 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். கேரள அரசு காகிதச் சீட்டு மட்டுமே விற்கிறது. ஆகவே வாட்ஸ்அப்பில் சீட்டுப் படத்தை அனுப்பி, பரிசு விழுந்துவிட்டது, வரியை முதலில் கட்டுங்கள் என்று எவரேனும் கேட்டால், பதில் எழுதாமல் அந்த எண்ணைத் தடை செய்துவிடுங்கள்; அந்த 30 சதவீத வரி பரிசிலிருந்துதான் பிடிக்கப்படும், மீதி வரியைக் கட்டுவதும் பரிசு கைக்கு வந்த பிறகுதான்.