இரவு வைபையைப் பூட்டுவது: பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

எங்கள் சனசமூக நிலையப் பெற்றோர் கேட்டவை இவை. வீட்டு இணைப்பைப் பற்றி மட்டும் கேளுங்கள். பிள்ளை வளர்ப்புக்கு ஆலோசனை சொல்ல நான் ஆளல்ல.

கொக்குவில், ஒரு தாய்: மகனுக்கு 15 வயது. அவனுடைய கைத்தொலைபேசியின் மெக் முகவரியை (வைபையில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்ணை) ரூட்டரில் போட்டு, இரவு 10 மணிக்கு நிறுத்தும்படி வைத்தேன். இரண்டு நாள் நின்றது, இப்போது மறுபடியும் ஓடுகிறது.

ரூட்டரில் பழுதில்லை, அம்மா. மகனுடைய தொலைபேசி வேறு ஆளாக உள்ளே வருகிறது. அண்ட்ராய்டு 10 (2019), ஐஓஎஸ் 14 (2020) முதல் தொலைபேசிகள் தம் உண்மையான மெக் முகவரியை மறைத்து, ஒவ்வொரு வைபைக்கும் தாமே உருவாக்கிய ஒன்றைக் கொடுக்கின்றன. வெளியிடங்களில் நம்மை யாரும் பின்தொடராதிருக்கச் செய்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் வைபை அமைப்பில் மகன் அந்தத் தெரிவை மாற்றினால் முகவரியும் மாறிவிடும், உங்கள் தடைப் பட்டியலில் இருப்பது பழைய முகவரி. ரூட்டரில் தெரியும் முகவரியின் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். 2, 6, ஏ (A), ஈ (E) ஆகியவற்றில் ஒன்றென்றால் அது உருவாக்கப்பட்ட முகவரி.

ஆகவே தடைப் பட்டியலை விடுங்கள். 10 மணிக்குப் பிறகு யார் யாருக்கு அனுமதி என்று எழுதுங்கள்: உங்கள் தொலைபேசி, கணவருடையது, கமெரா. பட்டியலில் இல்லாதது எந்த முகவரியோடு வந்தாலும் வெளியே நிற்கும். உங்கள் ரூட்டரில் அந்த வசதி இல்லையென்றால், பிள்ளைகளுக்கென்று தனி வைபைப் பெயர் ஒன்றை உருவாக்கி அதற்கு மட்டும் நேரம் குறியுங்கள். அதுவும் இல்லையா? வீட்டில் கிடக்கும் பழைய ரூட்டரை இப்போதைய ரூட்டரோடு வயரால் இணைத்து, பிள்ளைகளை அதில் விடுங்கள். அதன் மின்சாரத்தை நேரம் குறிக்கும் பிளக் ஒன்றில் கொடுத்தால் போதும். பெரியவர்களின் வைபைக் கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிடுங்கள். உங்கள் தொலைபேசியைப் பூட்டாமல் மேசையில் வைக்கவும் வேண்டாம்: அதில் வைபையின் கியூஆர் குறியீட்டைத் திறந்தால் புதிய கடவுச்சொல்லும் பிள்ளையின் கைக்குப் போய்விடும்.

எல்லோருக்கும் ஒன்று: ரூட்டரின் அமைப்புகளைத் திறக்கும் நிர்வாகக் கடவுச்சொல் அதன் அடியில் ஒட்டிய தாளில் இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும். மாற்றுங்கள்.

மானிப்பாய்: 10 மணிக்கென்று வைத்தேன், 9.30க்கே நின்றுவிடுகிறது. மின்சாரம் போய் வந்தால் இன்னும் குழப்பம்.

நேர வலயத்தைப் பாருங்கள். 1996 ஒக்டோபர் முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கை நேரம் கிரீன்விச் நேரத்துக்கு +6 மணி ஆக இருந்தது. சில பழைய ரூட்டர்களின் பட்டியலில் இன்னும் அப்படியே கிடக்கிறது. +5.30 ஐத் தெரிவு செய்யுங்கள், சென்னை என்றிருந்தாலும் அதுதான். பெரும்பாலான ரூட்டர்களில் கடிகாரத்துக்கு மின்கலம் கிடையாது. மின்சாரம் வந்ததும் பழைய திகதியிலிருந்து தொடங்கி, இணையம் கிடைத்த பிறகே நேரத்தைத் திருத்திக்கொள்ளும். அந்த இடைவெளியில் பூட்டு வேலை செய்யாது.

சுன்னாகம்: பேசாமல் வயரைக் கழற்றிவிட்டால்?

ஃபைபர் இணைப்பென்றால் வீட்டுத் தொலைபேசியும் நிற்கும், வைபைக் கமெராவும் நிற்கும். கனடாவிலிருந்து வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் மகன் பதறிப்போவான்.

உரும்பிராய், தனியார் வகுப்பு ஆசிரியர்: நான் வகுப்பு முடித்துக் குறிப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்பவே 10.30 ஆகிறது. சாதாரண தரப் பரீட்சைப் பிள்ளைகளின் இணையத்தை நீங்கள் பூட்டச் சொன்னால், அவர்கள் எப்படிப் படிப்பது?

சேர், போய்ச் சேராத செய்தியை வாட்ஸ்அப் 30 நாள் வைத்திருக்கும். உங்கள் குறிப்பு காலைவரை காத்திருக்காதா?

அதே ஆசிரியர்: அன்றைய பாடத்தை அன்றே பார்ப்பவன்தான் தேறுவான்.

கொக்குவில் தாய்: சேர், உங்கள் குறிப்பைத் திறப்பதாகச் சொல்லித்தான் என் மகன் 1 மணிவரை விழித்திருக்கிறான்!

ஒரு மாணவி: நான் இரவில் கேட்கவில்லை. 4 மணிக்கு எழுந்து படிக்கிறேன். அப்பா 6 மணிக்குத்தான் திறக்கிறார். கடந்தகால வினாத்தாள்களை அப்போதுதான் பார்க்க வேண்டும்.

இந்த வரிசையில் நியாயமான கோரிக்கை இதுதான். தங்கச்சியின் அப்பா இதை வாசித்தால், 4 மணிக்குத் திறந்துவிடுங்கள். முடிவுநேரத்தைப் போலவே தொடக்கநேரத்தையும் உங்களால் மாற்ற முடியும், அதற்கு ஒரு நிமிடம் போதும். வினாத்தாள்களைப் பகலிலேயே தரவிறக்கி வைத்தால் இணையமே தேவைப்படாது. சேர், நீங்கள் குறிப்பை மாலை 6 மணிக்கு அனுப்பினால் இந்த வாதமே இல்லை.

அதே ஆசிரியர்: மாலை 6 மணிக்கு எனக்கு வேறு வகுப்பு.

அப்படியென்றால் முதல்நாளே அனுப்புங்கள். இனி இதில் நான் எழுதமாட்டேன்.

சாவகச்சேரி: எங்கள் டேட்டாவில் ஒரு பகுதி நள்ளிரவுக்குப் பின்தான் கிடைக்கும். பூட்டினால் வீணாகிவிடுமே?

பிள்ளையின் தூக்கத்தைவிட டேட்டா பெரிதா? கணினியில் மென்பொருள் புதுப்பிப்புகளை அந்த நேரத்துக்கு ஒழுங்குபடுத்துங்கள். கணினி கூடத்தில் இருக்கட்டும்.

பருத்தித்துறை: வைபையைப் பூட்டினேன். அவன் ரீலோட் போட்டு சிம்மில் பார்க்கிறான்.

ரூட்டரின் அதிகாரம் வைபையோடு முடிகிறது. சிம்மையும் சேர்த்துக் கட்டுப்படுத்துவதென்றால் தொலைபேசியிலேயே செய்ய வேண்டும்: அண்ட்ராய்டில் ஃபேமிலி லிங்க், ஐபோனில் ஸ்கிரீன் டைம். அல்லது ரீலோட் காசு யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

நல்லூர்: மகளின் வாட்ஸ்அப் உரையாடலை ரூட்டரில் வாசிக்க முடியுமா?

முடியாது. முடிந்தாலும் சொல்லித்தரமாட்டேன்.

கோண்டாவில்: மெக் முகவரியைத் தடுத்தும் மகன் உள்ளே வருகிறான்...

முதற்பதில்.

திருநெல்வேலி: பூட்டு போட்டதிலிருந்து லண்டனில் இருக்கும் அக்காவின் அழைப்பு எனக்கே வருவதில்லை. வேலை முடிந்து அவர் எடுக்கும்போது இங்கே 11.30 ஆகிவிடுகிறது.

உங்களையும் சேர்த்துப் பூட்டியிருக்கிறீர்கள். அனுமதிப் பட்டியலில் முதலில் உங்கள் தொலைபேசியைப் போடுங்கள். குளிர்காலத்தில் அதே அழைப்பு 12.30க்கு வரும், அதற்கும் சேர்த்து. நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றினீர்களா?