வேனின் சஸ்பென்ஷன் பாகங்களை மாற்றப் போகிறேன். நீண்ட நாள் உழைக்க எதை வாங்குவது? பாலியூரித்தேன் புஷ் போடலாமா?

போடலாம். புஷ் என்பது சஸ்பென்ஷன் பாகங்கள் இணையும் இடத்தில் இருக்கும் மெத்தை போன்ற வளையம்; ரப்பரிலும் வரும், பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளிலும் வரும். ஆனால் எந்தப் புஷ் வாங்கினாலும், அதை எந்த நிலையில் வைத்து இறுக்குகிறீர்கள் என்பதில்தான் பாதி ஆயுள் இருக்கிறது. இதை நான் ஒரு செட் புஷ்ஷைப் பாழாக்கித்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் தடவை என் வேனின் லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கை) இரண்டையும் நானே மாற்றினேன். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே எல்லா போல்ட்டையும் மூச்சைப் பிடித்து இறுக்கிவிட்டேன். எட்டே மாதத்தில் பின்பக்கப் புஷ் கிழிந்துவிட்டது. பிரேக் மிதித்தால் அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். சரக்கு மட்டம் என்று விற்றவரைத் திட்டித் தீர்த்தேன். பாவம், அவர் மேல் தப்பே இல்லை.

ரப்பர் புஷ்ஷின் நடுவில் ஓர் இரும்புக் குழாய் இருக்கும். பெரும்பாலும் ரப்பர் அதோடு ஒட்டியே வார்க்கப்பட்டிருக்கும். போல்ட்டை இறுக்கியதும் அந்தக் குழாய் அசையாது. ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதுமே ரப்பர் முறுக்கேறிவிடும். சும்மா நிற்கும்போதே அப்படி என்றால், பள்ளத்தில் விழும்போது கேட்கவா வேண்டும்?

அதனால் கழற்றுவதற்கு முன்பே, வண்டி தரையில் நிற்கையில், சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். புதிய ஆர்மை மாட்டும்போது போல்ட்டைக் கையால் மட்டும் முடுக்கி வையுங்கள். அப்புறம் ஆர்மின் வெளி முனைக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, அதே உயரம் வரும்வரை தூக்கி, டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். தூக்கும்போது வண்டி ஸ்டாண்டை விட்டு எழும்பினால் உடனே நிறுத்திவிடுங்கள். அப்படி ஆனால், நான்கு சக்கரத்துக்கும் கீழே கனமான மரக்கட்டை வைத்து, வண்டியைத் தன் எடையில் நிற்கவிட்டு இறுக்குவதே நல்லது.

சரி, பாலியூரித்தேன். அது பெரும்பாலும் குழாயோடு ஒட்டியிருக்காது, அதன் மேல் சுழலும். அதனால் முறுக்கேறும் தொல்லை குறைவு, ஆயில் பட்டாலும் ரப்பரைப்போல ஊறிப்போகாது. ஆனால் ரப்பரைவிட விறைப்பானது. சாலையின் அதிர்வு உள்ளே வரும். கூடவே வரும் சிலிக்கான் கிரீஸைப் பூசாமல் போட்டால் கீச்சுக் கீச்சென்று உயிரை எடுத்துவிடும். என் கணக்கு இதுதான்: எப்போதும் பாரம் ஏற்றும் வண்டியில் ஸ்டெபிலைசர் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) புஷ்ஷுக்கு பாலியூரித்தேன், லோயர் ஆர்முக்கு வண்டியோடு வந்த தரத்திலேயே நல்ல ரப்பர். ஆட்கள் போகிற வேன் என்றால் எல்லாமே ரப்பர்.

ஷாக் அப்சார்பரை ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள்; ஒரே ஆக்ஸிலில் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். 'ஹெவி டியூட்டி' என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். பாரத்துக்கென்று செய்தது வண்டி காலியாக ஓடும்போது தூக்கித் தூக்கிப் போடும். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது என்றால் ஷாக்கை மாற்றி ஒன்றும் ஆகாது. எடையைத் தாங்குவது ஸ்பிரிங், ஷாக் ஆட்டத்தை மட்டுமே அடக்கும். பட்டையைக் கழற்றினால், அதை ஆக்ஸிலோடு பிடித்துக்கொள்ளும் யூ போல்ட்டும் புதிதாகவே இருக்கட்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

முன்பக்க ஸ்ட்ரட்டை (ஷாக்கும் காயில் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுதி) திறந்தால் மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (முழுக்க அமுங்கும்போது இடியைத் தாங்கும் தடுப்பு), தூசி உறை எல்லாவற்றையும் அப்போதே மாற்றிவிடுங்கள். பழைய பேரிங்குக்காக மறுபடி எல்லாவற்றையும் பிரிப்பது கொடுமை. ஷாக்கின் நடுத் தண்டில் இம்பாக்ட் கன் (தட்டித் தட்டிச் சுழற்றி இறுக்கும் மெஷின்) வைக்காதீர்கள். தண்டு சுழன்றால் சீல் போய் ஆயில் கசியும். காயில் ஸ்பிரிங்கை அமுக்கும் வேலையில் மட்டும் பழக்கம் இல்லையென்றால் கைவைக்க வேண்டாம். நழுவினால் விரல் தப்பாது. ஸ்ட்ரட்டைக் கழற்றி ஒர்க்ஷாப்பில் கொடுத்து மாற்றி வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது. ஸ்டியரிங் நேராகத்தானே இருக்கிறது என்று நான் மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். முன் டயர் இரண்டும் உள்விளிம்பில் மட்டும் கம்பி தெரியத் தேய்ந்திருந்தன. வெளியே நின்று பார்த்தால் புது டயர் மாதிரியே இருந்தது.