கொத்தமல்லிக்கும் முட்டைக்கோசுக்கும் ஒரே தராசா?

கேள்வி: வெருலம் பக்கம் எங்கள் குடும்பம் கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை பயிர் செய்கிறது. முப்பது பேர் உள்ள கூட்டுறவுச் சங்கம் வழியாகத்தான் டர்பனில் விற்கிறோம். இந்த வருஷ உபரியில் ஒரு லட்சம் ராண்டை உறுப்பினர்களுக்குப் போனஸாகப் பிரித்தார்கள். எனக்குக் கிடைத்தது 2,500. கேட்டால், "மொத்தம் 80 டன் வந்தது, உங்கள் சரக்கு 2 டன்தானே அம்மா" என்கிறார் செயலாளர். கணக்குப் புத்தகத்தைக் காட்டவும் மறுக்கிறார். இது சரியா?

பதில்: சரியில்லை அம்மா. முட்டைக்கோஸ் போடுகிறவருக்கு இந்தக் கணக்கு கொண்டாட்டம். உங்களுக்கு இழப்பு.

தென்னாப்பிரிக்காவின் 2005ஆம் ஆண்டு கூட்டுறவுச் சட்டம் (எண் 14) முதல் பிரிவிலேயே உறுப்பினரின் பங்கு விகிதம் என்றால் என்ன என்று விளக்கம் தந்துவிடுகிறது. குறிப்பிட்ட ஒரு காலத்தில் சங்கத்தோடு அல்லது சங்கத்தின் வழியாக நீங்கள் செய்த பரிவர்த்தனைகளின் மதிப்பு எவ்வளவு, அதே காலத்தில் எல்லா உறுப்பினர்களும் செய்த பரிவர்த்தனைகளின் மதிப்பு எவ்வளவு? முன்னதைப் பின்னதால் வகுத்தால் வருவதுதான் உங்கள் விகிதம். சட்டம் கேட்பது மதிப்பை. எடையையோ கூடைகளின் எண்ணிக்கையையோ கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தில் விலை விவரம் இல்லை. அதனால் ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். உங்கள் 2 டன் 1,20,000 ராண்டுக்கு விற்றது, உறுப்பினர்கள் எல்லாருடைய சரக்கும் சேர்ந்து 12 லட்சத்துக்கு விற்றது என்று வையுங்கள். பத்தில் ஒரு பங்கு உங்களுடையது. போனஸ் 10,000 ராண்ட் வந்திருக்க வேண்டும், நான்கு மடங்கு.

எல்லாரும் ஒரே சரக்கை ஒரே விலைக்கு விற்கும் சங்கத்தில் எடையால் பிரித்தாலும் விடை ஒன்றாகவே வரும். யாரும் சண்டைக்குப் போக மாட்டார்கள். நம் கரும்பு விவசாயிகளைக் கேட்டுப் பாருங்கள். ஆலைகூட வெறும் டன்னைப் பார்த்துப் பணம் தருவதில்லை. அதிலிருந்து எடுக்கக்கூடிய சர்க்கரையின் மதிப்பைப் பார்த்துத்தான் தருகிறது. டர்பனின் வார்விக் காலைச் சந்தையில் 1910லிருந்து நம் ஆட்கள் கீரையைக் கட்டாகவும் கோஸை எண்ணியும் விற்றவர்கள்தான். இரண்டையும் ஒரே தட்டில் யாரும் போட்டதில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். சங்கம் வெளியாரிடம் வாங்கி விற்ற காய்கறி உண்டா? அதையும் மொத்தத்தில் சேர்த்திருந்தால் உங்கள் விகிதம் தானாகச் சுருங்கிவிடும். மேலே சொன்ன உதாரணத்தில் வெளியார் சரக்கு 3 லட்சம் என்றால், 10 சதவீதம் 8 ஆகிவிடும். சட்டம் ஒப்பிடச் சொல்வது உறுப்பினர்களுக்குள் மட்டும். வெளியார் வியாபாரத்தில் வந்த லாபத்தை என்ன செய்வது என்பது வேறு கேள்வி.

உரம், விதை எல்லாம் சங்கத்திலேயே வாங்குகிறீர்களா? 'சங்கத்தோடு' என்ற சொல் அதற்கும் பொருந்தும். விற்பனையையும் கொள்முதலையும் ஒரே கணக்கில் போடுவதா, தனித்தனியாகவா என்பதை உங்கள் சங்க விதிகளில் பாருங்கள். தனித்தனியாக வைப்பதே நியாயம் என்பது என் எண்ணம். உர விற்பனையில் வந்த லாபம் உரம் வாங்கியவருக்குத்தானே போக வேண்டும்? மதிப்பு என்பது கமிஷன் கழிப்பதற்கு முந்தைய விலையா, பிந்தையதா என்பதையும் விதிகள் சொல்ல வேண்டும். எதுவானாலும் முப்பது பேருக்கும் ஒரே அளவுகோல்.

"எங்கள் விதியிலேயே எடை என்றுதான் இருக்கிறது" என்று சொல்வார்கள். சங்க விதி சட்டத்துக்கு மேலே நிற்க முடியாது. ஆனால் ஒரு எச்சரிக்கை: போனஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. பொதுவாக உபரியில் குறைந்தது 5 சதவீதம், உறுப்பினர்களுக்குள் பிரிக்க முடியாத காப்பு நிதிக்குப் போக வேண்டும். மீதியையும் சங்கம் வேறு காரியங்களுக்கு ஒதுக்கலாம். பிரிப்பதென்று முடிவெடுத்த பிறகு பிரிக்கும் முறைதான் உங்கள் வழக்கு.

புத்தகத்தைக் காட்ட மாட்டேன் என்பதுதான் எனக்குப் பிடிக்காத பகுதி. 21ஆம் பிரிவின்படி, இந்த விகிதத்தைக் கணக்கிடுவதற்காகவே, ஒவ்வொரு உறுப்பினரோடும் நடந்த பரிவர்த்தனைகளைச் சங்கம் பதிந்து வைக்க வேண்டும். 22ஆம் பிரிவின்படி, அலுவல் நேரத்தில் உறுப்பினர் அந்தப் பதிவுகளைப் பார்க்கலாம், கட்டணம் கட்டி நகலும் வாங்கலாம். செயலாளரின் தயவு இதற்குத் தேவையில்லை.

வாய்ப்பேச்சை விட்டுவிட்டு, தேதி போட்டு ஒரு கடிதம் கொடுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை கணக்கெடுத்தார்கள், உங்கள் விற்பனை மதிப்பு எவ்வளவு, உறுப்பினர்களின் மொத்த மதிப்பு எவ்வளவு, இந்த மூன்றையும் கேளுங்கள். நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் பொதுக்கூட்டத்தில் எழுப்புங்கள். பூண்டு, பச்சை மிளகாய் போடுகிறவர்களும் உங்களோடு எழுந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அங்கும் தீராவிட்டால் கூட்டுறவுப் பதிவாளருக்கு எழுதலாம். கோர்ட் கடைசி வழி. 7,500 ராண்டுக்காக வக்கீலுக்கு 20,000 கொடுக்காதீர்கள் என்று வக்கீலே சொல்கிறேன்.

அதுவரை, 2,500ஐ வாங்கிக்கொள்வதில் தவறில்லை. ரசீதில் 'முழுப் பாக்கியும் தீர்ந்தது' என்று எழுதியிருந்தால் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.