செம்மறிக் கறியின் வாடையும் ருசியும்: கொடைக்கானல் மேல்மலைக் கேள்வி பதில்

மன்னவனூரிலிருந்து: அண்ணா, இங்கே செம்மறி ஆராய்ச்சி மையத்தில் வளர்க்கும் பாரத் மெரினோ இன ஆடு கம்பளிக்குத்தான் லாயக்கு, கறி ருசிக்காது என்கிறார்களே?

இனத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் டீக்கடையில் சண்டை போடும் அளவுக்கு இல்லை. ஆட்டை வாங்கும்போது இனத்தைக் கேட்பதற்கு முன் வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். பால்பல் விழாத குட்டி என்றால் கறி மென்மையாக, வாடை குறைவாக இருக்கும். பல் போடப் போட வாடை ஏறும். செம்மறிக்கே உரிய அந்த வாடை பெரும்பாலும் கொழுப்பில்தான் இருக்கிறது. கிளைச்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் என்று சிலவற்றைச் சொல்வார்கள். அவை வயதான ஆட்டில், அதிலும் காயடிக்காத கிடாவில், கூடுதலாகச் சேரும். வாடை பிடிக்காத விருந்தாளி வந்தால் கொழுப்பைச் சீவிவிட்டுச் சமையுங்கள். பாதி வாடை அதிலேயே போய்விடும்.

கூக்காலிலிருந்து: முட்டைக்கோஸ் அறுத்த காட்டில் ஆட்டை விட்டோம். கறியில் ஏதோ ஒரு நாற்றம். நோயா?

நோயாக இருக்காது, தீவனம்தான். கோஸ், டர்னிப், கடுகு எல்லாம் ஒரே குடும்பம். இவற்றைத் தொடர்ந்து தின்ற ஆட்டின் கறியில் அந்த நெடி ஏறுவது தெரிந்த விஷயம். கோஸ் இலையை வீணாக்கச் சொல்லவில்லை. அறுப்புக்கு இரண்டு வாரம் முன்பே அந்தக் காட்டை விட்டு ஓட்டி, வெறும் புல்லில் மேய விடுங்கள். பூம்பாறைக்காரர்களுக்கும் இதே பேச்சு: பூண்டுத் தாளை அறுப்பு நேரத்தில் போடாதீர்கள், கறியிலேயே பூண்டு மணக்கும். மசாலாவில் போட்டுக்கொள்ளலாமே! அப்புறம், மருந்தடித்த காட்டில் ஆட்டை விடுவது ருசியையும் தாண்டிய ஆபத்து.

கவுஞ்சியிலிருந்து: புல் மட்டும் மேய்ந்தால் வாடை வராதா?

வரும், வேறு மாதிரி. புரதம் மிகுந்த இளம் பசுந்தீவனம், குறிப்பாகக் குதிரைமசால், கிளவர் ஆகியவை ஆட்டின் முதல் வயிற்றில் செரிக்கும்போது ஸ்கேட்டோல் என்ற பொருள் உண்டாகிக் கொழுப்பில் தங்கும். அதைத்தான் பட்டணத்தில் சிலர் 'பட்டி வாசம்' என்று முகம் சுளிக்கிறார்கள். தானியம் தின்ற ஆட்டில் இது குறைவு. எனக்கென்னவோ புல் மேய்ந்த கறிதான் பிடிக்கும்.

கொடைக்கானலிலிருந்து: ஐயா, வத்தலக்குண்டு சந்தையில் வாங்கி வண்டியில் ஏற்றி வந்து உடனே அறுத்தோம். கறி கருத்து, சப்பென்று இருந்தது.

மலைப்பாதை வளைவுகளில் குலுங்கி, பயந்து, பசியோடு வந்த ஆடு. தசையில் இருக்கும் சர்க்கரைச் சத்து வழியிலேயே கரைந்துவிடும். அறுத்தபின் அதுதான் லாக்டிக் அமிலமாகி, உயிரோடு இருக்கையில் 7 அருகில் உள்ள பிஎச் அளவை (புளிப்பு ஏற ஏற இது இறங்கும்) ஏறக்குறைய 5.5-க்கு இறக்க வேண்டும். சத்தே இல்லையென்றால் அமிலம் எங்கிருந்து வரும்? கறி கருக்கும், ருசி மங்கும், சீக்கிரம் கெடும். கொண்டுவந்ததும் தண்ணீர் வைத்து, புல் போட்டு, ஓரிரு நாள் நிம்மதியாக இருக்கவிட்டு அறுங்கள். அறுக்கும் அன்றும் துரத்திப் பிடிக்க வேண்டாம்.

மீண்டும் மன்னவனூரிலிருந்து: மார்கழிக் குளிரில் அறுத்து வெளியே தொங்கவிட்டால் ஃப்ரிட்ஜே வேண்டாமே அண்ணா?

அவசரம் வேண்டாம். அறுத்தபின் தசை தானாக விறைப்பதற்கு முன்பே கறி 10 டிகிரிக்குக் கீழே போனால் தசைநார் சுருங்கி ரப்பராகிவிடும். கொழுப்பில்லாத சின்னக் குட்டி இன்னும் வேகமாகக் குளிரும். முதல் சில மணி நேரம் காற்றோட்டமுள்ள கொட்டகைக்குள் தொங்கட்டும், விறைத்தபின் குளிருக்குப் போகட்டும்.